மழையும் வெயிலும் மாறுகின்றன: தோட்டத்தில் நாம் எப்படித் தயாராவது?



"இப்பல்லாம் மழை எப்ப வரும், எப்ப போகும்னு சொல்லவே முடியல" என்ற பேச்சைப் பெரட்டுக்களத்திலும் பீலிக்கரையிலும் கொழுந்து நிறுக்கிற இடத்திலும் நாம் அடிக்கடி கேட்கிறோம். அது வெறும் பேச்சு இல்லை. உலகம் முழுவதும் காலநிலை மாறி வருகிறது. அந்த மாற்றம் நம்முடைய மலைக்கும் லயத்துக்கும் சம்பளத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

இந்தப் பாடத்தில் நான்கு விடயங்களைப் பார்ப்போம். ஒன்று, என்ன மாறுகிறது, ஏன் மாறுகிறது. இரண்டு, தேயிலைக்கும் நமது வேலைக்கும் அதனால் என்ன வரும். மூன்று, மண்ணையும் தண்ணீரையும் எப்படிக் காப்பது. நான்கு, மண்சரிவிலிருந்து உயிரைக் காப்பது எப்படி. வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு இதைச் சத்தமாக வாசித்துக் காட்டினால் நல்லது.

1. என்ன மாறுகிறது?

மலைநாட்டுக்கு மழை இரண்டு பக்கமிருந்து வருகிறது. மே மாதம் முதல் செப்டெம்பர் வரை வீசுகிற தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை, வட்டவளைப் பக்கத்து மலைகளை நனைக்கிறது. டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வீசுகிற வடகீழ்ப் பருவக்காற்று பதுளை, பசறை, மடுல்சீமைப் பக்கத்துக்கு மழை கொண்டுவருகிறது. இவை இரண்டுக்கும் இடையில் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரங்களில் இடி மின்னலோடு மழை கொட்டும்.

நமது வேலை முழுவதும் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. எப்போது கவ்வாத்து, எப்போது உரம், எப்போது கன்று நடுவது, எப்போது கொழுந்து குவியும் என்பதெல்லாம் மழையைப் பார்த்துத்தான். ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாப் பக்கம் வீசுகிற வறண்ட காற்றில்தான் அங்கே உயர்ந்த வாசனைத் தேயிலை கிடைக்கிறது. மேற்குப் பக்கத்துக்கு அதே போன்ற காலம் ஜனவரி முதல் மார்ச் வரை.

இப்போது இந்தக் கணக்கு பிசகுகிறது. வரவேண்டிய மழை பிந்துகிறது. வந்தால், ஒரு மாதத்து மழை இரண்டு மூன்று நாளில் கொட்டிவிடுகிறது. 2016 கடைசியிலும் 2017 இலும் இலங்கை கடும் வரட்சியைக் கண்டது. 2025 நவம்பர் கடைசியிலோ டித்வா சூறாவளி வந்து மலைநாட்டையே புரட்டிப் போட்டது. ஒரே நாட்டில் வரட்சியும் வெள்ளமும் மாறி மாறி வருவது ஏன்?

இதை ஒரு கம்பளியை வைத்து விளங்கிக்கொள்ளலாம். பூமியைச் சுற்றிக் காற்று ஒரு கம்பளி போல இருக்கிறது. அந்தக் கம்பளி இல்லாவிட்டால் நாம் குளிரில் உறைந்துபோவோம். நிலக்கரி, பெற்றோல், டீசல் எரிப்பதாலும் காடுகளை அழிப்பதாலும் கரியமில வாயு காற்றில் சேர்ந்து, அந்தக் கம்பளி தடித்துக்கொண்டே போகிறது. உள்ளே இருக்கிற சூடு வெளியே போக முடியவில்லை. அதனால் பூமி சூடாகிறது. வெப்பத்தை அளக்கத் தொடங்கிய பிறகு வந்த வருடங்களில் 2024 தான் மிகவும் சூடான வருடமாகப் பதிவாகியிருக்கிறது.

காற்று 1 பாகை சூடேறினால் அது சுமார் 7 வீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். சூடான காற்று மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் ஈரத்தை அதிகமாக உறிஞ்சுவதால் வரட்சி கடுமையாகிறது. பிறகு அந்தக் காற்று மழையாக மாறும்போது, சுமந்திருக்கிற தண்ணீர் அதிகம் என்பதால் பெரும் மழையாகக் கொட்டுகிறது. வரட்சியும் வெள்ளமும் ஒரே காரணத்தால் வருகிற இரண்டு பிள்ளைகள் என்று சொல்லலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கம்பளியைத் தடிப்பாக்கியது நாம் இல்லை. மிலாறு பொறுக்கி அடுப்பெரிக்கிற குடும்பங்கள் உலகத்தைச் சூடாக்கவில்லை. இலங்கை முழுவதும் சேர்ந்து வெளியிடுகிற புகையே உலகக் கணக்கில் மிகவும் சிறிய பங்குதான். ஆனால் சரிவில் குடியிருப்பவர்களையும் நாட்கூலியில் வாழ்பவர்களையும்தான் அது முதலில் தாக்குகிறது. ஆகவே, காப்பாற்றும்படி கேட்பது பிச்சை கேட்பது இல்லை, அது நமது உரிமை. கேட்கிற அதே நேரத்தில், நமது கையால் செய்யக்கூடியதையும் செய்துகொள்ள வேண்டும்.

2. தேயிலைக்கு என்ன நடக்கும்?

தேயிலைச் செடிக்கு இதமான குளிரும் சீரான மழையும் வேண்டும். 1925 இல் தொடங்கப்பட்டு, இப்போது தலவாக்கலையில் இயங்கி வருகிற தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகளின்படி, சுமார் 22 பாகை வெப்பம்தான் விளைச்சலுக்கு மிகவும் ஏற்றது. குளிரான உயர்ந்த மலைகளில் சூடு கொஞ்சம் கூடினால் உடனே பெரிய நட்டம் வராது. ஏற்கெனவே சூடாக இருக்கிற தாழ்ந்த மலைகளிலும் நடு மலைகளிலும் விளைச்சல் குறையும்.

மழைக் குறைவு எல்லா மலையையும் தாக்கும். ஒரு மாதத்தின் மழை 100 மில்லிமீற்றர் குறைந்தால், ஒரு ஹெக்டேயரில் 30 முதல் 80 கிலோ வரை தேயிலைத்தூள் குறையக்கூடும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டும். 30 கிலோ தூள் குறைந்தாலே ஒரு ஹெக்டேயரில் 120 கிலோவுக்கு மேல் கொழுந்து குறைகிறது. அதாவது கூடையில் நிறை இல்லை, அரைப்பேர், வேலை நாள் குறைவு. வரட்சி வந்தால் கொழுந்து வங்கியாகி நிற்பதை நாம் கண்ணால் காண்கிறோம். அந்தக் காய்ந்த மாதங்களில்தான் கடைக் கடனும் அடகும் கூடுகின்றன.

பெரும் மழையிலும் சம்பளம் குறையும். தொடர் மழையில் மலைக்குப் போக முடியாது, உரம் கழுவிக்கொண்டு போகும், கொப்புள நோய் பரவும், பாதை உடைந்தால் கொழுந்து ஸ்டோருக்குப் போகாது.

நம்மில் வயதானவர்கள் ஒரு விடயத்தைச் சரியாகக் கவனித்திருக்கிறார்கள். "விதை போட்டு முளைச்ச பழைய மலை தாங்குது, வீ.பீ. மலை சீக்கிரம் வாடுது" என்பார்கள். காரணம் வேரில் இருக்கிறது. விதையில் முளைத்த செடிக்கு ஆணிவேர் ஆழமாகப் போகும். தண்டு வெட்டி வளர்த்த வீ.பீ. செடிக்கு ஆணிவேர் கிடையாது, மேல்மண் காய்ந்தவுடன் அது வாடும். வீ.பீ. வகைகளுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. டீ.ஆர்.ஐ. 2025 என்ற வகை டீ.ஆர்.ஐ. 2023 என்ற வகையை விட வரட்சியைத் தாங்கும். புதிதாக நடும்போது எந்த மலைக்கு எந்த வகை என்று நிர்வாகம் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைக் கேட்டு நடுவது எல்லோருக்கும் நன்மை.

ஒரே பயிரை நம்பி இருப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு நமது சரித்திரமே சாட்சி. நமது முன்னோரில் பலர் முதலில் இங்கே வந்தது கோப்பிக் காட்டு வேலைக்கு. 1869 இல் கோப்பியில் இலைநோய் கண்டது. இருபது வருடங்களுக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. அந்த மலைகளில்தான் தேயிலை வந்தது. தேயிலை நாளைக்கே அழியும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒரு வீட்டில் எல்லோருடைய வருமானமும் ஒரே கொழுந்துக் கூடையில் இருக்கக் கூடாது.

3. மண்ணைப் பிடித்து வைப்போம்

மேல்மண்தான் தேயிலையின் சோறு. பெரும் மழை ஒவ்வொன்றும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றுக்கு அனுப்புகிறது. ஆறு கலங்கலாக ஓடும்போது ஓடுவது நமது உரமும் நமது கொழுந்தும்தான். அந்த மண் போய் நீர்த்தேக்கங்களிலும் படிகிறது. செய்ய வேண்டியவை இவை:

கான்களைத் துப்புரவாக வைத்தல்: கான் அடைபட்டால் தண்ணீர் தன் பாதையைத் தானே வெட்டிக்கொள்ளும். மழைக்காலத்துக்கு முன்பே கான் வெட்டு முடிய வேண்டும். கானுக்குள் இடைக்கிடை குழி இருந்தால் அடித்து வருகிற மண் அதில் தங்கும், அதை அள்ளித் திரும்ப மலைக்கே போடலாம். லயத்துக்கு மேலே உள்ள கான்களை முதலில் பார்க்க வேண்டும்.

மண்ணை மூடி வைத்தல்: கவ்வாத்து வெட்டிய பிறகு இலையையும் சிறு கொப்பையும் தேயிலை வரிசைக்கு இடையில் பரப்பிவிட்டால் ஈரம் நிற்கும், மழைத்துளி மண்ணைக் கிளப்பாது. மிலாறு நமக்கு விறகு, அது இல்லாமல் அடுப்பு எரியாது என்பது தெரியும். தடித்த மிலாறை எடுத்துக்கொண்டு, இலையையும் மெல்லிய கொப்பையும் மலையிலேயே விடுவோம்.

நிழல் மரம்: உயரத்தில் சவுக்கு மரமும் அதற்குக் கீழே முள்முருக்கு அல்லது கிளிரிசிடியாவும் இருந்தால், வெயில் காலத்தில் தேயிலை வாடுவது குறையும். முள்முருக்கும் கிளிரிசிடியாவும் காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்து மண்ணுக்குக் கொடுக்கின்றன, அவற்றின் தழையும் பசளையாகிறது. நிழல் மரத்தை விறகுக்கு வெட்டினால் அடுத்த வருடத்துக் கொழுந்தையும் சேர்த்து வெட்டுகிறோம்.

புல்: தேயிலை செத்து மொட்டையாகக் கிடக்கிற இடங்களில் மானாப் புல் அல்லது கோத்தமாலாப் புல் நட்டால் மண் தேறும். பாதையோரத்திலும் வீட்டுத் தோட்டத்துக் கரையிலும் வெட்டிவேர் நடலாம். அதன் வேர் நேராகக் கீழே இறங்கி மண்ணைக் கட்டிப்பிடிக்கும்.

வீட்டுத் தோட்டம்: போஞ்சி, லீக்ஸ், கரட் போடும்போது பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போட வேண்டும். மேலிருந்து கீழாகப் போட்டால் முதல் மழைக்கே மண்ணும் போகும், பசளையும் போகும். லயத்துக்குப் பின்னால் உள்ள மண் மேட்டை நேராக வெட்டி இடம் எடுப்பது மிகவும் ஆபத்து. இரண்டு அடி இடத்துக்காக மலையின் காலை வெட்டுகிறோம் என்பதை மறக்க வேண்டாம்.

4. தண்ணீரைச் சேமிப்போம்

வட்டவளைப் பக்கம் இலங்கையிலேயே அதிக மழை பெறுகிற இடங்களில் ஒன்று. அப்படியிருந்தும் மலைநாட்டுத் தோட்டங்களில் வெயில் மாதங்களில் பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். மவுசாக்கலை நீர்த்தேக்கம் வற்றும்போது தண்ணீரில் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரிகிறது, பார்க்க ஊரே கூடுகிறது. பார்த்துவிட்டு வந்து நமது பீலியைப் பற்றியும் யோசிக்க வேண்டும்.

பீலித் தண்ணீர் மேலேயுள்ள ஊற்றிலிருந்து வருகிறது. ஊற்றைச் சுற்றியுள்ள மரமும் புதரும் மழையைப் பிடித்து மண்ணுக்குள் இறக்கி, காய்ந்த மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. அந்த மரங்களை வெட்டினால் மழைக்கு வெள்ளமும் வெயிலுக்கு வரண்ட பீலியும்தான் மிஞ்சும். ஆகவே ஊற்றைச் சுற்றி வேலி போட வேண்டும். அதற்கு மேலே மாடு கட்டக் கூடாது, குப்பை போடக் கூடாது, மருந்து அடிக்கக் கூடாது. தொட்டியை மூடி வைத்து, மழைக்காலம் தொடங்கு முன் கழுவ வேண்டும்.

கூரைத் தண்ணீரையும் பிடிக்கலாம். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீட்டர் தண்ணீர். 20 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள ஒரு கூரைப் பகுதியில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் சுமார் 180 லீட்டர் கிடைக்கும். ஒரு பீலித் தகரமும் ஒரு பீப்பாவும் போதும். முதலில் வருகிற அழுக்குத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும். இந்தத் தண்ணீர் உடுப்புக் கழுவ, கக்கூசுக்கு, மரக்கறிக்கு ஆகும். குடிப்பதற்கு ஊற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிப்போம். பீப்பாவை வலை அல்லது துணியால் இறுக்கமாக மூடாவிட்டால் டெங்கு நுளம்பு முட்டையிடும்.

5. மண்சரிவு: உயிரைக் காக்கிற பாடம்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு முறை வாசியுங்கள்.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில், பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது சிலருக்கு வீடும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. தப்பியவர்களுக்குப் புதிய வீடுகள் 2016 இல்தான் கையளிக்கப்பட்டன. 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டம் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. 2025 நவம்பர் 28 ஆம் திகதி கரை சேர்ந்த டித்வா சூறாவளியின்போது கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை மாவட்டங்களில் ஒரே நேரத்தில் எத்தனையோ இடங்களில் மலை சரிந்தது. நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள்.

மலை பல சமயங்களில் முன்கூட்டியே அடையாளம் காட்டும். அவற்றைச் சின்னப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுங்கள்:

- நிலத்திலும் சுவரிலும் திண்ணையிலும் புதிய வெடிப்பு, அல்லது பழைய வெடிப்பு அகலமாவது.
- கதவு, ஜன்னல் திடீரென்று இறுகி, மூட முடியாமல் போவது.
- நேராக நின்ற மரமும் கரண்ட் தூணும் சாய்வது.
- புதிய இடத்தில் ஊற்று கிளம்புவது, இருந்த ஊற்று திடீரென்று நின்றுபோவது, தெளிந்த தண்ணீர் கலங்கி வருவது.
- மலைக்குள்ளிருந்து உறுமுகிற சத்தம், கல் உருளுகிற சத்தம், வேர் அறுகிற சத்தம்.

இவற்றில் ஒன்றைக் கண்டாலும், மழையில் வெளியேறுவதுதான் முதல் வேலை. அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டாம்.

இனி மழை அளவு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிறத்தில் கொடுக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் மஞ்சள்: விழிப்பாக இருங்கள். 100 மில்லிமீற்றர் என்றால் செம்மஞ்சள்: வெளியேறத் தயாராகுங்கள். 150 மில்லிமீற்றர், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் சிவப்பு: உடனே வெளியேறுங்கள். அங்குலக் கணக்கில் சொன்னால் 3, 4, 6. மூணு அங்குலம் விழிப்பு, நாலு அங்குலம் மூட்டை கட்டு, ஆறு அங்குலம் புறப்படு.

இதை நாமே அளக்கலாம். மேலும் கீழும் ஒரே அகலமான, அடி தட்டையான ஒரு டின்னை எடுங்கள். பால்மா டின் போதும். மரமோ கூரையோ மறைக்காத வெளியில், சாயாதபடி கல் வைத்து நிறுத்துங்கள். காலையில் ஒரே நேரத்தில் அடிமட்டத்தை உள்ளே விட்டுத் தண்ணீரின் உயரத்தைப் பாருங்கள். 7.5 சென்ரிமீற்றர் இருந்தால் அதுதான் 75 மில்லிமீற்றர். பார்த்த பிறகு கொட்டிவிட்டுத் திரும்ப வையுங்கள். கடும் மழை நேரத்தில் மணித்தியாலத்துக்கு ஒரு முறை பாருங்கள். ஒவ்வொரு லயத்திலும் ஓ.எல். படிக்கிற ஒரு பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுத்து, ஒரு கொப்பியில் எழுத வைக்கலாம். பல நாள் மழையில் மண் ஊறிப்போயிருந்தால் இந்த அளவுக்குக் குறைந்த மழைக்கும் மலை சரியலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரு லயத்தில் இதையெல்லாம் நாம் விளக்கிச் சொன்னபோது, ஒரு அம்மா இப்படிக் கேட்டார்: "போகச் சொல்றீங்க சேர், சரி. போறதுக்கு எடம் எங்க இருக்கு? பள்ளிக்கூடத்துல எத்தன நாளைக்குப் படுக்கிறது? மாடு கெடக்கு, கோழி கெடக்கு. ரெண்டு நாள் வேலைக்குப் போகலன்னா பேரு போயிரும். போன தடவ போனோம், ஒண்ணுமே நடக்கல."

இது நியாயமான கேள்வி. ஆட்கள் எச்சரிக்கையைக் கேட்டும் போகாமல் இருப்பதற்குக் காரணம் அறியாமை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. போனால் என்ன இழப்பு என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும், அதுதான் காரணம். ஆகவே அந்த இழப்புகளை மழை வருமுன்பே பேசித் தீர்க்க வேண்டும்.

இடம்: எந்த லயம் எந்தக் கட்டடத்துக்குப் போவது, எந்தப் பாதையால் போவது என்று முன்பே முடிவு செய்ய வேண்டும். அந்தக் கட்டடமும் பாதையும் சரிவில் இருக்கக் கூடாது. ஆற்றைக் கடந்து போகிற பாதை உதவாது. கோயில், பாடசாலை, பிள்ளைக்காம்பரா எதுவானாலும் கக்கூசும் தண்ணீரும் பெண்களுக்கு மறைவான இடமும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மாடு: மாட்டைக் கட்டி வைத்துவிட்டுப் போகாதீர்கள், அவிழ்த்து விடுங்கள். அல்லது மஞ்சள் எச்சரிக்கையிலேயே வேறு பக்கத்துக் கொட்டிலுக்கு மாற்றுங்கள்.

பேர்: வெளியேறுகிற நாட்களுக்கு வேலைக் கணக்கை எப்படிப் போடுவது என்று தோட்டத் தலைவர்மார் நிர்வாகத்தோடு இப்போதே கதைத்து, எழுத்தில் வாங்கி வைக்க வேண்டும். மழை கொட்டுகிற ராத்திரியில் இதைக் கதைக்க முடியாது.

"ஒண்ணுமே நடக்கல" என்பது: மூன்று முறை வெளியேறி மூன்று முறையும் மலை நின்றது என்றால், நாம் இழந்தது மூன்று இரவுத் தூக்கம். போகாமல் இருந்து ஒரு முறை மலை வந்தால் என்ன நடக்கும் என்பதை மீரியபெத்தை சொல்லிவிட்டது.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பை தயாராகத் தொங்கட்டும். அடையாள அட்டை, பிறப்புச் சாட்சிப் பத்திரம், ஈ.பி.எப். கடிதங்கள், வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி, பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் பொலித்தீன் உறையில் போட்டு அதில் வையுங்கள். டோர்ச், நெருப்புப்பெட்டி, வழக்கமாகக் குடிக்கிற மருந்து, ஒரு கம்பளி, பிள்ளைக்குப் பால்மா இவையும் வேண்டும். ஆவணம் இழந்தவர்கள் நட்டஈடு கேட்டுக் கந்தோர் கந்தோராக அலைகிறார்கள்.

கரண்ட் போனால் போனும் சில மணித்தியாலத்தில் செத்துவிடும். எனவே கோயில் மணியை ஆபத்துக்கு எப்படி அடிப்பது என்று ஒரு தனி அடியைத் தீர்மானித்து எல்லோருக்கும் சொல்லுங்கள். வருடத்தில் இரண்டு முறை ஒத்திகை பாருங்கள்.

6. யாரிடம் என்ன கேட்பது?

தோட்டத்து ஆட்கள் தனியாக எல்லாவற்றையும் செய்ய முடியாது. கேட்க வேண்டிய இடங்கள் இவை:

தோட்ட நிர்வாகம்: லயத்துக்கு மேலேயுள்ள கான்களையும் பாதுகாப்புச் சுவர்களையும் திருத்துவது, லயத்தின் மேல் சாய்ந்திருக்கிற பெரிய மரங்களின் கொப்பை வெட்டுவது, ஊற்றுக் காட்டை விட்டு வைப்பது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம்: ஆபத்தான லயங்களைப் பரிசோதிக்கும்படி பிரதேச செயலகம் ஊடாக எழுத்தில் கேட்கலாம். புதிய வீட்டுக்குக் காணி காட்டும்போதும், அந்த இடம் பரிசோதிக்கப்பட்டதா என்று கேளுங்கள். ஆபத்தான லயத்திலிருந்து ஆபத்தான வீட்டுக்குப் போவதில் பயன் இல்லை.

அனர்த்த முகாமைத்துவ நிலையம்: அவசர இலக்கம் 117. இந்த இலக்கத்தை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

பிரதேச சபை: 2018 இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, பிரதேச சபைகள் தோட்டப் பாதை, குடிதண்ணீர் போன்ற வேலைகளைத் தோட்டத்துக்குள்ளும் செய்யலாம். "அது தோட்டத்து வேலை, எங்களுடையது இல்லை" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

கிராம உத்தியோகத்தர்: உங்கள் குடும்பம் அவருடைய பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள். நிவாரணமும் எச்சரிக்கையும் அந்தப் பதிவின்படிதான் வரும். எச்சரிக்கைகள் தமிழில், நேரத்தோடு வர வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்போம்.

எல்லாவற்றையும் கடிதத்தில் எழுதி, ஒரு பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்கி வையுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும்.

தோட்டத்தில் ஒரு அனர்த்தக் குழுவும் வேண்டும். லயத்துக்கு ஒரு பெண், ஒரு வாலிபர், பிள்ளைக்காம்பரா உத்தியோகத்தர், கோயில் கமிட்டியிலிருந்து ஒருவர், தலைவர்மார் என்று பத்துப் பன்னிரண்டு பேர் போதும். நடக்க முடியாத முதியவர், கர்ப்பிணித் தாய், கைக்குழந்தை, மாற்றுத்திறனாளி எந்த வீட்டில் இருக்கிறார்கள், அவர்களை யார் தூக்கிக்கொண்டு போவது என்ற பட்டியல் அவர்களிடம் இருக்க வேண்டும்.

7. காய்ந்த மாதத்துக்கு வீட்டில் ஒரு கைகாவல்

வரட்சியையும் சூறாவளியையும் நாம் நிறுத்த முடியாது. ஆனால் கொழுந்து குறைந்த மாதத்தில் அடுப்பு அணையாமல் பார்க்கலாம். கொழுந்து குவிகிற மாதங்களில் ஐந்தாறு பெண்கள் சேர்ந்து ஒரு சிறு சேமிப்புக் குழு நடத்துங்கள். கடைக்காரரிடம் கடன் வாங்குவதை அது குறைக்கும். வீட்டுத் தோட்டத்தில் ஒரே மரக்கறியைப் போடாமல், கீரை, வல்லாரை, கிழங்கு, போஞ்சி என்று கலந்து போடுங்கள். ஒன்று கெட்டாலும் ஒன்று மிஞ்சும். கோழி, ஒரு கறவை மாடு, தையல், தேனீ எதுவானாலும் தேயிலையைச் சாராத ஒரு சிறு வருமானம் வீட்டில் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளைகளின் படிப்பை நிறுத்த வேண்டாம். நாளைக்கு இந்த மலைகளை அளந்து, எந்த இடம் பாதுகாப்பு என்று சொல்கிற பொறியியலாளர் ஏன் நமது லயத்திலிருந்து வரக்கூடாது?

கூட்டத்தில் கலந்துரையாட

இந்த மாத மாதர் சங்கக் கூட்டத்திலும் கோயில் கமிட்டியிலும் கீழே உள்ள கேள்விகளைக் கதையுங்கள். பதில்களை ஒரு தாளில் எழுதி, உங்கள் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடம் கொடுங்கள்.

1. நமது தோட்டத்தில் கடைசியாக மண் சரிந்தது எங்கே, எந்த வருடம்? வயதானவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.
2. நமது லயத்துக்கு மேலே எத்தனை கான்கள் இருக்கின்றன? எவை அடைபட்டிருக்கின்றன?
3. இன்றிரவு வெளியேறச் சொன்னால் நாம் போகிற இடம் எது? அதன் சாவி யாரிடம் இருக்கிறது?
4. தனியாக வெளியேற முடியாதவர்கள் யார் யார்? அவர்களுக்குப் பொறுப்பு யார்?
5. பீலித் தண்ணீர் வரண்டால் அடுத்த வழி என்ன?
6. மழை அளக்கிற டின் எந்த லயத்தில் வைக்கப்படும்? யார் பார்ப்பார்கள்?

மூன்றாவது கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடியாத தோட்டங்கள், மற்றக் கேள்விகளை விட்டுவிட்டு அதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த பருவமழைக்கு முன்பு அந்தச் சாவி எங்கே தொங்குகிறது என்பது லயத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.